முப்பத்தேழாம் எண்

வாரத்தில் ஐந்து நாள்
அடுத்தவர் பல்லில் புகைக்கறை சுரண்டுகிறவள் நான்.
பினாங்கு மருத்துவமனை, இரண்டாம் மாடி.
திறங்க, துப்புங்க, மறுபடி திறங்க.
ஞாயிறானால்
லோரோங் கூலிட் சந்தையில் குந்தி
சிகரெட் டப்பாவுக்குள் வந்த பழைய அட்டைகளைப்
பொறுக்குகிறேன்.
சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.
டப்பா வேறு, அட்டை வேறு என்று
எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

நீலக்கொக்கு கம்பெனி, யுத்தத்துக்கு முன்,
மலாயாவின் ஆட்டக்காரர்கள் ஐம்பது பேர்.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம்.
முன்னால் முகம்.
பின்னால், 'ஆட்டம் முடிந்ததா? பற்றவை ஒரு நீலக்கொக்கு.'
நாற்பத்தொன்பது முகம் என்னிடம் உண்டு.
முப்பத்தேழு இல்லை.
என்னிடம் மட்டுமல்ல, எவரிடமும்.

தைரியநாதன். ரயில்வே அணி, ஹாக்கி, இடது ஓரம்.
படம் பிடித்தாயிற்று, அச்சுக்கும் போயிற்று,
அப்புறம்தான் வேண்டாம் என்று எழுதினார்.
ஏன் என்பதற்குக் கடைக்கார பூன் கியாட்டிடம்
மூன்று கதை.
கோப்பி உள்ளே போனால் முதல் கதை:
சிகரெட் சுற்றும் கொட்டகையில்
தம்பி இருமி இருமிச் செத்தான்.
மழை பெய்து வியாபாரம் படுத்தால் இரண்டாவது:
பேசியது பத்து வெள்ளி, கொடுத்தது நாலு.
மூன்றாவதை எப்போதாவதுதான் சொல்வான்.
படகுத்துறையில் பள்ளிப் பையன்கள்
புகைக்கிறவர் பின்னாலேயே ஓடி
அட்டை, அட்டை என்று கை நீட்டியதை
ஒரு சாயங்காலம் அவர் பார்த்தாராம்.
ஒருவன் கேட்டது அவர் முகத்தையே.

அமெரிக்காவிலும் ஒரு பேஸ்பால்காரர்
இப்படித்தான் மறுத்தாராம்.
தப்பிப் பிழைத்த சில அட்டைகளுக்கு
இன்றைக்குப் பங்களா விலை.
ஆனால் அவரே புகையிலை மெல்லுகிறவர் என்றும்
பேச்சு இருக்கிறது.
தைரியநாதனின் வெற்றிலைக்குள்ளும்
ஒரு துண்டு இருந்திருக்கலாம்.
இத்தனை வாய்களைப் பார்த்த பிறகு
அதை வைத்து நான் யாரையும் எடைபோடுவதில்லை.

போன ஞாயிறு ஓர் ஆல்பம்.
கரையான் ஓரம் தின்ற அட்டை,
முதல் பக்கத்தில் ஜாவி எழுத்து.
பக்கத்தில் சொங்கோக் விற்கிற பாக் ஹாஷிம்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்:
இஸ்மாயில், வகுப்பு நான்கு.
நாற்பத்தொன்பது அட்டை, வரிசை பிசகாமல்.
முப்பத்தேழின் இடத்தில்
அதே அளவுக்கு வெட்டிய கணக்கு நோட்டுத் தாள்.

பென்சிலில் ஒரு மனிதர்.
கைகள் முழங்காலைத் தாண்டுகின்றன.
ஹாக்கி மட்டை கரண்டி போல.
காலணி வரையத் தெரியாமல்
புல்லை உயரமாக வளர்த்துவிட்டான் பையன்.
முகம் மட்டும்
ரொம்பப் பக்கத்தில் நின்று பார்த்த முகம்.

திருப்பினேன்.
விளம்பரம் இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு வரி ஜாவி.
பாக் ஹாஷிம் சிரித்தே விட்டார்.
'இந்த அட்டைக்கு சிகரெட் கிடையாது.
கேட்காதீர்கள்.'

எவ்வளவு என்றேன்.
'உன்னிடம்தான் எல்லாம் இருக்கே லா,
எதுக்கு இன்னொரு செட்?'
குரல் காட்டிக்கொடுக்கும் என்று
குடையை விரித்து மடக்கினேன்.
இருநூற்றைம்பது என்றான்.
அப்புறம் அவனே பக்கத்தைப் புரட்டி,
நகத்தால் அந்தத் தாளைத் தட்டி,
'இது ஒண்ணு அசல் இல்லை.
ஐந்து வெள்ளி கழிச்சிக்கிறேன்' என்றான்.

நேர்மையான வியாபாரி.
பணத்தை எண்ணும்போது
என் கைதான் நடுங்கியது.

திங்கள் காலை முதல் ஆள்,
சட்டைப் பையில் டப்பா துருத்திக்கொண்டிருக்க,
'மிஸி, இந்த வெள்ளை எத்தனை நாளைக்கு நிற்கும்?'
உள்ளே அட்டை ஏதும் வருகிறதா என்று
கேட்கத்தான் வாய் வந்தது.
துப்புங்க என்றேன்.